பரண் சாமான்: இது எதற்கு? இப்போது எதற்கு ஆகும்?

போகிக்கு வீடு ஒழிக்கும்போதும், ஊர் வீட்டைப் பாகம் பிரிக்கும்போதும் பரணிலிருந்து ஒரு சாக்கு நிறைய இரும்பும் பித்தளையும் இறங்கும். பாதிக்குப் பெயர் தெரியாது, மீதிக்கு வேலை தெரியாது. பழைய இரும்புக்காரர் தராசில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலத்தை அதற்கு ஒதுக்குங்கள் தோழிகளே. ஒவ்வொரு கருவியும் என்ன வேலை செய்தது என்பதை அதன் தேய்மானமே சொல்லிவிடும். தெரிந்துகொண்டால் பலவற்றை இன்றைக்கும் புழங்கலாம், கடையில் புதிது வாங்கும் காசும் மிச்சமாகும்.

1. எடுத்தவுடனே புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். இடுக்கில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு, கரி, எண்ணெய்ப் பிசுக்கு, மரத்தூள் எல்லாம் அந்தச் சாமான் பார்த்த வேலையின் சாட்சி. உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடைத்துப் பார்த்து முடித்த பிறகு துலக்கிக்கொள்ளலாம்.

2. வெள்ளைப் பொருக்கு தட்டியிருந்தால் அநேகமாக வெற்றிலைச் சாமான். அடி மட்டும் கறுத்திருந்தால் அடுப்பின் மேல் நின்றது. நுனி கறுத்துக் கைப்பிடி வழவழப்பாக இருந்தால் நெருப்புக்குள் போய் வந்த இடுக்கியோ கோலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. எந்தக் கருவியிலும் இரண்டு இடம் தேய்ந்திருக்கும்: கை பட்ட இடம், வேலை பட்ட இடம். கை பட்ட இடம் வழவழவென்று மினுங்கும், வேலை பட்ட இடத்தில் கீறலோ மழுங்கலோ இருக்கும். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தாலே பிடித்தது எப்படி, அடித்ததா, வெட்டியதா, சுரண்டியதா என்று பாதி விளங்கிவிடும்.

4. கத்தி, உளி வகை என்றால் அலகை வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு பக்கமும் சாணை பிடித்திருந்தால் வெட்டவும் பிளக்கவும் ஆனது. ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருந்தால் செதுக்கவும் சீவவும் ஆனது.

5. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பில் ஒட்டும், பித்தளை, வெண்கலம், செம்பு எதிலும் ஒட்டாது. மஞ்சளாகத் தெரிந்தும் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

6. அடியிலோ கைப்பிடியிலோ மங்கலான எழுத்து தெரிந்தால் மெல்லிய காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், எழுத்து காகிதத்தில் ஏறிவிடும். உளியிலும் அரத்திலும் ‘ஷெஃபீல்டு’ என்றிருந்தால் எஃகுக்குப் பேர்போன அந்த இங்கிலாந்து ஊரிலிருந்து கப்பலேறி வந்தது. பாத்திரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயரும் வருஷமும் பெரும்பாலும் சீர் கொடுத்தவர் அல்லது வாங்கிக்கொண்டவர் பெயராக இருக்கும். அதை நோட்டில் குறித்துவையுங்கள்.

7. ஆணித் துளை, சங்கிலி வளையம், குழாய் மாதிரிப் பொந்து இருந்தால் கையிலிருப்பது முழுச் சாமான் இல்லை. பொந்தில் மரக்காம்போ மூங்கிலோ இருந்திருக்கும், வளையத்தில் இன்னொரு துண்டு தொங்கியிருக்கும். அந்த இன்னொரு பாதி அதே சாக்கில் கிடக்கிறதா என்று தேடாமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

8. ஒரே பெட்டியில் கிடந்தவற்றைப் பிரித்து வைக்காதீர்கள். சேர்ந்து கிடந்தவை பெரும்பாலும் சேர்ந்தே வேலை செய்தவை. உளியும் சுத்தியும் நடுவே தெரிந்தால், பெயர் தெரியாத மூன்றாவதும் தச்சுக் கருவியாகவே இருக்கும்.

9. பெரியவர்களிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. தூரத்தில் காட்டி “இது என்ன பாட்டி?” என்று கேட்பதைவிட, கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். பெயர் மறந்தவர்களுக்குக்கூடக் கை மறக்காது: பிடிக்கிற விதத்திலும் அசைக்கிற விதத்திலும் அது எதற்கென்று தெரிந்துவிடும். அதைக் கைப்பேசியில் படமாக எடுத்து வைத்துவிட்டால் பேரன் பேத்திக்கும் ஆகும். இந்த ஒரு குறிப்பை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், சாமான் காத்திருக்கும், பெரியவர்களின் வயது காத்திருக்காது.

10. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்குப் படம் அனுப்பும்போது பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுங்கள், அளவு சொல்லாமலே புரியும். மேலே, பக்கவாட்டில், வேலை செய்யும் நுனியில் என்று மூன்று கோணம் போதும். எந்த வீட்டில், எந்த அறையில் கிடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுக்களைப் பக்கம்

11. வளைந்த இரும்பின் நுனி வட்டமாக, ஓரமெல்லாம் பல்லாக இருந்தால் அது மணையை விட்டுக் கழன்ற தேங்காய்த் துருவல் அலகு. ஆசாரியிடம் கொடுத்தால் ஒரு வேம்புப் பலகையில் பொருத்தித் தருவார். பல் மழுங்கியிருந்தால் முக்கோண அரத்தால் ஒவ்வொரு இடுக்காக நாமே ராவிக்கொள்ளலாம்.

12. மத்தில் இரண்டு சாதி. தலையில் ஆழமாகப் பள்ளம் வெட்டி இதழ் இதழாக இருந்தால் மோர் கடைய. மொழுமொழுவென்று உருண்டையாக இருந்தால் கீரை, பருப்பு மசிக்க. காம்பின் நடுவில் கயிறு உரசிய வளையத் தேய்மானம் இருந்தால், அது தூணில் கட்டிக் கயிறு இழுத்துக் கடைந்த பெரிய தயிர் மத்து.

13. ஓட்டை போட்ட சின்ன வட்டத் தகடுகள் பொத்தான் டப்பாவில்கூடக் கிடக்கும், அவை முறுக்கு நாழியின் வில்லைகள். ஊசி ஓட்டைகள் ஓமப்பொடிக்கு, வட்ட ஓட்டை மூன்று தேன்குழலுக்கு, நட்சத்திரம் முள்ளு முறுக்குக்கு, நீளக் கீறல் ரிப்பன் பக்கோடாவுக்கு. புதிது வாங்கும் முன் இருக்கிற நாழிக்குள் பொருந்துகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

14. நீளக் கம்பியின் முனையில் பூ மாதிரி இரும்பு வார்ப்பு இருந்தால் அச்சு முறுக்கு அச்சு. மாவில் முக்குவதற்கு முன் காயும் எண்ணெயில் நன்றாகச் சூடேற்றினால்தான் மாவு பிடித்துப் பிறகு கழன்று விழும். வேலை முடிந்ததும் சோப்புப் போடாமல் துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையோடு வைத்துவிடுங்கள், அடுத்த தீபாவளிக்கு ஒட்டவே ஒட்டாது.

15. ஒரு முனையில் பல் வைத்த குட்டிச் சக்கரமும் மறுமுனையில் கரண்டியுமாக இருக்கும் பித்தளைச் சாமான் சோமாசி வெட்டுவது. டயமண்ட் பிஸ்கட், கலகலா எல்லாம் இதால் ஒரே இழுப்பில் துண்டு போடலாம். சக்கரம் சுற்றவில்லை என்றால் வெந்நீரில் ஊறவைத்து ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டால் போதும்.

16. உள்ளங்கை அளவில், மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம் வெள்ளியிலோ பித்தளையிலோ கிடைத்தால் பாலாடை. கைக்குழந்தைக்குப் பாலும் மருந்தும் புகட்ட வைத்திருந்தது. உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் பாலாடையால் தாய்ப்பால் ஊட்டுகிறார்கள். வீட்டிலிருப்பது வெள்ளி என்றால் கொதிநீரில் போட்டெடுத்துப் புழங்கலாம், பித்தளையை நினைவுக்கு மட்டும் வையுங்கள்.

17. அடியும் இல்லாமல் மூடியும் இல்லாமல் கல்லிலோ தகரத்திலோ அகலமான வளையம் இருந்தால் அது குந்தாணி. உரலின் வாயில் வைத்துக் குத்தினால் நெல் வெளியே சிதறாது. தோட்டத்தில் துளசிக்கோ கறிவேப்பிலைக் கன்றுக்கோ சுற்றி வைத்தால் அழகான பாத்தி.

18. கைக்குள் அடங்கும் கனத்த இரும்பு வளையம் தனியாகக் கிடந்தால் உலக்கைப் பூணாக இருக்கலாம். உள்பக்கம் மரத்தைக் கவ்விய அடையாளமும் வெளி விளிம்பில் குத்திக் குத்தி மழுங்கிய அடையாளமும் இருக்கும்.

19. திரிகையின் மேல்கல் மட்டும் கிடைத்தால் நடுவில் தானியம் போடும் குழியும் ஓரத்தில் கைப்பிடி முளைக்கான துளையும் இருக்கும். கீழ்க்கல் அநேகமாகக் கொல்லையில் படியாகவோ துவைக்கும் இடத்திலோ கிடக்கும், தேடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கல் கொத்துபவரிடம் கொத்தி வாங்கி, முதலில் இரண்டு கை நொய்யரிசி போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுப் புழங்குங்கள். மிக்ஸியில் மாவாகிவிடும் பயறு இதில் அழகாக இரண்டாக உடையும்.

20. வைக்கோல் அல்லது கயிற்றில் பின்னிய வளையம் பிரிமனை, உருண்டை அடிப்பாத்திரம் ஆடாமல் உட்கார. பழைய பருத்திப் புடவையை முறுக்கிப் பின்னினால் நமக்கும் ஒரு புதுப் பிரிமனை ஆயிற்று. சூடான சட்டி மேஜையைச் சுடாது.

21. நடுவே கம்பி ஓடும் இரும்பு உருளை, பக்கத்தில் சின்னக் கதவு, முனையில் கைப்பிடி என்றால் காப்பிக்கொட்டை வறுப்பது. கனலின் மேல் சுற்றிக்கொண்டே இருக்கத்தான் அந்தக் கைப்பிடி. இன்றைக்கு வேர்க்கடலை வறுக்க இதைவிட நல்லது கிடையாது, தீயாமல் ஒரே நிறமாக வரும்.

22. மெத்தென்று வளையும் வெண்ணிறச் சொம்பு ரசம் வைத்த ஈயச்சொம்பு. அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் ரசம் ஊற்றாமல் வெறுமனே அடுப்பில் வைக்கவே கூடாது. வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் அதில் காரீயம் கலந்திருக்கும், சமையலுக்கு வேண்டாம்.

23. சின்னத் தகரப் பட்டையின் நுனியில் மயிரிழைக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்டவ் பின். மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ்வின் அடைப்பெடுக்க வைத்திருந்தது. குளியலறைப் பூவாளி ஓட்டைகளில் உப்பு அடைத்தால் இதைவிடக் கச்சிதமான குச்சி கிடைக்காது.

24. நடுவில் முளை வைத்த சின்ன மரக்குப்பி கோலி சோடா திறக்கும் கட்டை. முளையைப் பாட்டில் வாயில் வைத்து உள்ளங்கையால் ஓங்கித் தட்டினால் கோலி உள்ளே இறங்கும். அந்தப் பாட்டில் 1870-களில் இங்கிலாந்தில் ஹிராம் காட் என்பவர் உருவாக்கியது.

வெற்றிலைச் செல்லத்திலிருந்து

25. கிளி, மயில், குதிரை, பெண் உருவம் என்று எப்படி இருந்தாலும் சரி, இரண்டு கை ஓர் ஆணியில் மடங்கி, ஒன்றில் அலகும் மற்றதில் தட்டையும் இருந்தால் பாக்குவெட்டிதான். உடம்பு பித்தளையானாலும் அலகு இரும்பாக இருக்கும், காந்தம் வைத்துப் பாருங்கள். மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அலகைச் சாணை பிடித்தால் சுக்கு, கொப்பரை, பெருங்காயக் கட்டி, கட்டி வெல்லம் எல்லாவற்றையும் கை நோகாமல் துண்டு போடும். கத்தியை வைத்துக் கல்லால் தட்டும் பாடே இல்லை. உருவம் வார்த்த பழைய பாக்குவெட்டியை எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்: புனேயில் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குப் போனால் இதே பாக்குவெட்டிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

26. சங்கிலியில் குட்டிக் கரண்டி தொங்கும் மூடி போட்ட டப்பி சுண்ணாம்புக் கரண்டகம். உள்ளே கல்லாக இறுகிய சுண்ணாம்பைக் கத்தியால் குத்தாதீர்கள், கெட்டிப் புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றி ராத்திரி வைத்தால் நுரைத்துக் கரைந்துவிடும். பிறகு ஊசி, குண்டூசி போட்டுக்கொள்ளக் கச்சிதம்.

27. அரைச் சாண் உயர உரலும் விரல் பருமன் உலக்கையும் பல் போன பெரியவர்கள் வெற்றிலை இடித்தது. புகையிலை சேர்த்து இடித்திருக்கலாம், ஆகவே நன்றாகக் கொதிக்கவிட்டுக் கழுவிய பிறகே சமையலுக்கு எடுங்கள். பித்தளையானாலும் இரும்பானாலும் ஏலக்காய், மிளகு போன்ற உலர்ந்ததை மட்டும் தட்டுங்கள்.

28. ஒரே வளையத்தில் இடுக்கி ஒன்று, நுனி குழிந்த கம்பி ஒன்று, கூர்க் கம்பி ஒன்று கோத்திருந்தால் முள் வாங்கவும், காது குடையவும், பல் குத்தவும் ஆன முள்வாங்கிக் கொத்து. முள் குத்தாத நாளில்லாத காலத்தில் இடுப்புக் கயிற்றிலேயே தொங்கியது. இடுக்கியைக் கொதிநீரில் போட்டெடுத்து முள், சிராய் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். காது குடைவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அளவைச் சாமான்

29. உருளை வடிவ இரும்பு, பித்தளைப் பாத்திரங்கள் சின்னதும் பெரியதுமாகக் கிடைத்தால் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று வரிசைப்படுத்துங்கள்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. விளிம்பிலோ அடியிலோ குத்தியிருக்கும் முத்திரைகள் அளவு சரிபார்த்த அடையாளம்.

30. பாட்டி எழுதிவைத்த பலகாரக் கணக்கு ஆழாக்கில் இருந்தால் அந்த ஆழாக்கு பெரிய பொக்கிஷம். பட்டணம் படி சுமார் 1.7 லிட்டர், அப்படியானால் ஆழாக்கு 200 மில்லிக்குச் சற்று மேல். ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டு ஆழாக்கில் தண்ணீர் நிரப்பி, அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, எத்தனை மில்லி என்று அடுக்களைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு அதிரசம் பதம் தவறாது.

31. பழைய எடைக்கற்களில் பலம், சேர், வீசை என்றிருந்தால்: ஒரு பலம் 35 கிராம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. கிலோ கணக்குக்கான சட்டம் 1956-ல் வந்து 1958 அக்டோபரிலிருந்து நடப்புக்கு வரத் தொடங்கியது. ஆகவே வீசைக் கல் எதுவானாலும் அந்தக் காலத்தது என்று வயது சொல்லிவிடலாம். ஊறுகாய் ஜாடிக்கு மேல் பாரம் வைக்க வேண்டுமானால் கல்லைத் துணியில் சுற்றி, ஒரு பீங்கான் தட்டின்மேல் வையுங்கள்.

32. ஒரு முனை கனத்த மரக்கோலில் வரிசையாகக் கீறல்களும், நகரும் ஒரு கயிறும் இருந்தால் வெள்ளிக்கோல். எடைக்கல்லே இல்லாமல், கயிற்றை நகர்த்திக் கோல் சமமாக நிற்கும் கீறலைப் பார்த்து எடை சொன்ன தராசு. பிள்ளைகளுக்கு நெம்புகோல் பாடம் சொல்லித்தர இதை எடுத்துக் காட்டுங்கள், ஒரு தடவையில் புரியும்.

33. நீளவாக்கில் பள்ளம் ஓடும், நுனி கூரான இரும்பு குத்தூசி. மூட்டையைப் பிரிக்காமல் குத்தி அரிசி மாதிரி எடுக்க மண்டிக்காரர்கள் வைத்திருந்தது. முனை தட்டையாகிச் சற்றே வளைந்து காது பெரிதாக இருந்தால் அது சாக்குத் தைக்கும் கோணூசி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிணற்றடி, வயல், மரம்

34. ஒரு வளையத்தில் கொத்தாக வளைந்த கொக்கிகள் தொங்கினால் பாதாளக் கரண்டி. கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கித் துழாவினால் விழுந்த வாளி, குடம் எதாவது ஒரு கொக்கியில் மாட்டி வந்துவிடும். தெருவுக்கு ஒரு வீட்டில்தான் இருக்கும், மற்றவர்களெல்லாம் இரவல் வாங்குவார்கள். கிணறு இல்லாத வீட்டில் சம்ப்பில் விழுந்த மக், வாளி எடுக்க உதவும். அதுவும் வேண்டாமென்றால் கூடத்து உத்தரத்தில் தொங்கவிட்டு வாழைப்பழத் தாரும் பூண்டுக் கொத்தும் மாட்டுங்கள்.

35. பிறை வடிவத் தட்டை இரும்பில் ஆணித் துளைகள் இருந்தால் மாட்டு லாடம். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, அதனால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு. ஒரே வளைவாக இருந்தால் குதிரை லாடம்.

36. ஒரு பக்கம் கணுவால் அடைத்து, மறுபக்கம் சாய்வாகச் சீவிய மூங்கில் குழாய் மாட்டுக்கு மருந்து புகட்டியது. சாய்ந்த வாயின் விளிம்பு பல் பட்டு நைந்திருக்கும். அதை வேறெதற்கும் புழங்க வேண்டாம்.

37. அரிவாளின் உள்விளிம்பில் ரம்பம் மாதிரி நுண்ணிய பல் இருந்தால் நெல்லறுக்கும் பன்னரிவாள், கருக்கரிவாள் என்றும் சொல்வார்கள். இதைக் கல்லில் தீட்டிவிடாதீர்கள், பல் போய்விடும். கொல்லரிடம்தான் மறுபடி பல் வெட்ட வேண்டும். பல் நன்றாயிருந்தால் தோட்டத்துக் கோரைப்புல்லை அறுக்க உத்தமம்.

38. பனை, தென்னை நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்றால் அலகு அகன்று மிகமிகக் கூரான பாளை அரிவாள் இருக்கும். கூடவே கிடக்கும் நீண்ட மர இடுக்கி பாளையை நசுக்கிப் பதப்படுத்தியது. இவற்றோடு தளைநாரும் அரிவாள்பெட்டியும் இருந்தால் நான்கையும் சேர்த்தே பத்திரப்படுத்துங்கள். மரத்தில் ஏறி இறங்கிய ஒரு மனிதரின் முழுப் பிழைப்பும் அந்த நான்கு சாமான்தான்.

தொழிற்கருவிகள்

39. மண்வெட்டி மாதிரி அலகு குறுக்காக இருந்து, ஆனால் சின்னதாக, உள்பக்கம் மட்டும் சாணை பிடித்திருந்தால் தச்சரின் வாய்ச்சி. மரத்தைச் செதுக்கிச் சமன் செய்ய. தலை தட்டித் தட்டிக் குழிந்த மரச் சுத்தி கொட்டாப்புளி, உளியின் மரப்பிடி உடையாமல் அடிக்க.

40. நடுவில் கோல் நகரும் மரக்கட்டை, கோலின் நுனியில் குட்டி ஆணி: பலகையின் ஓரத்துக்கு இணையாகக் கோடு கீறுவதற்கு. ஆணி தேய்ந்திருந்தால் பிடுங்கிவிட்டு வேறு ஒரு சின்ன ஆணியைத் தட்டினால் புதுசாகிவிடும்.

41. கனத்த பித்தளைக் குண்டு, நூல், நூலில் நகரும் கட்டை ஒன்று என்றால் கொத்தனாரின் தூக்குக்குண்டு. கட்டையின் அகலமும் குண்டின் அகலமும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள், அதுதான் அடையாளம். கட்டையைச் சுவரில் ஒட்டிப் பிடித்துக் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சுவர் நேர். அலமாரி பொருத்தும்போதும் கதவு நிலை வைக்கும்போதும் நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

42. நேரான ஊதுகுழல் விறகடுப்புக்கு. நுனி சன்னமாகி வளைந்திருந்தால் பொற்கொல்லர் சுடரை ஊதிப் பற்றவைத்தது.

43. எஃகுத் தகட்டில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகத் துளைகள் இருந்தால் தங்கம், வெள்ளிக் கம்பியை இழுத்து இழுத்து மெலிதாக்கும் தகடு. எல்லாப் பக்கமும் பல அளவில் அரைவட்டக் குழி உள்ள பித்தளைக் கட்டை நகைக்குக் குமிழ் தட்டும் அச்சு. பணியாரக் குழி என்று நினைத்து அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

44. வழவழப்பான கறுப்புக் கல், மேலே மெல்லிய மஞ்சள் கீறல்கள்: உரைகல். சாம்பல் போட்டுத் தேய்த்தால் அந்தப் பொன்கோடுகள் போய்விடும், அப்படியே துணியில் சுற்றி வையுங்கள்.

45. மூன்று திசையில் மூன்று பாதம் நீட்டிய வார்ப்பிரும்பு செருப்புத் தைப்பவரின் அடிகட்டை. எப்படி வைத்தாலும் ஒரு பாதம் மேலே இருக்கும், மூன்றும் பெரியவர், சிறியவர், குதிகால் என்று வேறு வேறு அளவு. ஆணி நிமிர்த்த, பெல்ட்டில் துளை போட, கதவு அடைக்காமல் நிறுத்த என்று வீட்டில் பத்து வேலைக்கு ஆகும்.

46. ஒரு முனை கூராகவும் மறுமுனை சின்னக் கத்தியாகவும் இருக்கும் இரும்புக் கோல் எழுத்தாணி. பிடிக்குள் மடங்கினால் மடக்கெழுத்தாணி. கத்தி ஓலையை நறுக்க, கூர் எழுத. பக்கத்தில் ஓலைக்கட்டு ஏதும் இருந்தால் தண்ணீரோ ஈரத்துணியோ படவிடாதீர்கள். தஞ்சாவூர் சரசுவதி மகால், சென்னையில் உ.வே.சா. நூலகம் போன்ற இடங்களில் காட்டினால் என்ன ஏடு என்று படித்துச் சொல்வார்கள்.

47. சின்ன வட்ட வில்லையின் நடுவே கம்பி, கம்பி நுனியில் கொக்கி: நூல் நூற்ற தக்ளி. பம்பரம் என்று பிள்ளைகள் கையில் போய்விடும், முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

துலக்கவும் வைக்கவும்

48. துருப் பிடித்த தொழிற்கருவியை ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் துரு உதிரும். சமையல் சாமானுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், புளித்த மோரில் ஊறப்போடுங்கள். இரண்டையும் கழுவிய கையோடு வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். பழைய இரும்பு கீறிவிட்டால் அலட்சியம் வேண்டாம், மண்ணும் தூசியும் ஒட்டியிருக்கும், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

49. பித்தளையை அளவோடு துலக்குங்கள், பேர் வெட்டிய இடத்தையும் முத்திரை உள்ள இடத்தையும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பான எதையும் வைக்காதீர்கள்.

50. மரக்கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிக் காயவிடுங்கள். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ஆடும் காம்பை ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தால் இறுகும், ஆனால் காய்ந்ததும் மறுபடி ஆடும். நிரந்தரமாக நிற்க ஒரு மர ஆப்பு அடித்துவிடுங்கள்.

51. ஒவ்வொன்றிலும் ஒரு துணிச்சீட்டுக் கட்டி, பெயர், வேலை, யாருடையது என்று பேனாவால் எழுதுங்கள். இன்றைக்கு ஐந்து நிமிஷ வேலை, அடுத்த தலைமுறைக்கு இந்தத் தேடல் முழுக்க மிச்சம்.

52. பெயர் தெரிந்து வேலை தெரியாவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வட்டாரப் பெயருக்குக் கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதியும் பெருமாள்முருகனின் கொங்கு அகராதியும் நல்ல துணை.

53. இன்னும் பிடிபடாவிட்டால் சாமானின் படத்தோடு ஒரு நாள் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், பழைய வீடுகளைப் புழங்கு சாமானோடு அங்கே பார்க்கலாம். காரைக்குடிப் பக்கம் போனால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விசாரியுங்கள்.

54. கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் செம்பு, பித்தளை, வெண்கலம், இரும்பு என்று நான்காகப் பிரித்த பிறகே விலை பேசுங்கள், கலந்து கொடுத்தால் எல்லாம் மட்ட விலைக்குத்தான் போகும். அடியில் அரத்தால் லேசாகக் கீறினால் சிவப்பு செம்பு, மஞ்சள் பித்தளை; தட்டினால் நீண்ட நாதம் வந்தால் வெண்கலம்.

55. விற்பதற்கு முன்னால் அந்தத் தொழிலை இன்னும் செய்கிறவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய உளியும் வாய்ச்சியும் நல்ல எஃகு. எடைக்குப் போட்டால் சில ரூபாய், ஓர் ஆசாரி கைக்குப் போனால் இன்னும் பல வருஷம் வேலை செய்யும். அப்படிக் கொடுக்க ஆள் இருந்தால் தயவுசெய்து அவருக்கே கொடுங்கள்.